படுக்கையில் இருப்போரைப் பார்த்துக்கொள்ள ஆள் எங்கே?

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர்)

ஒரு கிராமம் வளர்ந்திருக்கிறதா என்பதை அறிய நாம் சில அளவுகோல்களை வைத்திருக்கிறோம். சாலை போடப்பட்டிருக்கிறதா, குடிநீர்க் குழாய் வீடுவரையில் வந்திருக்கிறதா, பள்ளிக்கூடத்திற்குச் சுற்றுச்சுவர் உண்டா, தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், அந்தச் சாலையோரத்து வீட்டிற்குள்ளே நடமாட்டம் இழந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவரை யார் எழுப்பி உட்காரவைக்கிறார்கள், யார் உணவூட்டுகிறார்கள், யார் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள் என்னும் கேள்விக்கு நம் பதிவேடுகளில் இடமே இல்லை. அக்கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு மகள் கேட்டது

சில ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டு வசதித் திட்டத்தின்கீழ்க் கட்டப்பெற்று வந்த வீடுகளைப் பார்வையிடுவதற்காக என் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில் அடித்தளம் போட்டபடியே வேலை நின்றுபோயிருந்தது. காரணம் கேட்பதற்காகப் பக்கத்திலிருந்த பழைய ஓட்டு வீட்டிற்குள் நுழைந்தேன். எழுபத்தெட்டு வயதான மூதாட்டி ஒருவர், பக்கவாதத்தால் இடப்பக்கம் முழுவதும் செயலிழந்து கட்டிலில் கிடந்தார். அவருடைய மகள் தாயின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்திற்குப் படுக்கைப் புண் ஏற்பட்டிருந்தது.

"முதியோர் உதவித்தொகை வருகிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

"மாதா மாதம் வருகிறது, ஐயா."

"மருந்து மாத்திரை?"

"அதையும் தன்னார்வலர் அம்மா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்."

திருப்தியோடு திரும்ப எத்தனித்தேன். அந்த அம்மாள் என்னை நிறுத்தினார். "ஐயா, நான் பணம் கேட்கவில்லை. நடவு முடிகிற வரையில், பத்தே நாள், பகலில் மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை உங்கள் ஆபீசிலிருந்து அனுப்ப முடியுமா? நான் வேலைக்குப் போனால் அம்மாவுக்குப் புண் பெரிதாகிறது. போகாவிட்டால் அடுப்பு எரிவதில்லை. வீட்டு வேலை நின்றுபோனதும் இதனால்தான்."

"பார்க்கிறேன், அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அலுவலகம் திரும்பியதும் எனக்குத் தெரிந்த எல்லாத் துறைகளிலும் விசாரித்தேன். சுகாதாரத் துறையில் செவிலியர் இருந்தார். அவரோ வந்து பார்த்துப் போகிறவர். மகளிர் குழுக் கூட்டமைப்பில் கடன் உண்டு, ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில் இடம் கேட்கலாம். வீட்டிற்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு அங்கே இல்லை. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் இருவர் அந்த ஊரிலேயே உண்டு என்று அறிந்தேன். இருவரும் நகரத்து வீடுகளில் வேலையில் இருந்தார்கள். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பணிகளுக்குக் கையெழுத்திட்டு வந்த என்னால், பத்து நாளைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்ய இயலவில்லை.

வீடு தேடி வருபவை

நம் மாநிலத்தில் முதியோருக்காக ஒன்றுமே செய்யப்படவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று மாதம் 20 ரூபாயுடன் தொடங்கப்பெற்றது. 2023 ஆகஸ்டு மாதத்தில் அத்தொகை 1,200 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்பெறும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடக்கம் பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிற்கே கொண்டுசெல்வதும், இயன்முறைச் சிகிச்சை, நோய் ஆதரவுச் சிகிச்சை ஆகியவற்றை வீட்டிலேயே அளிப்பதும் அதன் நோக்கம். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு ஒன்று இத்திட்டத்திற்கு விருதளித்தது. 2025 ஆகஸ்டில், எழுபது வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டு வாசலிலேயே வழங்கும் 'தாயுமானவர்' திட்டமும் தொடங்கிவைக்கப்பெற்றது.

சட்டத்தின் துணையும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரையில் பெற்றுத்தர அச்சட்டம் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் அளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் வந்தது. மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

ஆக, பணம் வருகிறது, மருந்து வருகிறது, அரிசியும் வருகிறது. வராத ஒன்று, தூக்கி உட்காரவைக்கும் கை. பணம் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டும்படி உத்தரவிட்டு நடத்திக்காட்டுவது எளிதன்று.

வேலையின் தன்மை

'படுத்தவரைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய வேலை?' என்று எண்ணுவோர் உண்டு. தாமாகப் புரண்டு படுக்க இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேல் எலும்பு துருத்திய இடங்களாகிய இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகியவற்றில் தோல் அழுந்தி, இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகிவிடும். தோல் சிவந்திருந்தால் அவ்விடத்தை அழுத்தித் தேய்த்தல் கூடாது; பலரும் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தீங்கை அதிகமாக்கிவிடுகிறார்கள். உணவூட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, உண்ட பின்னும் அரைமணி நேரம் நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருத்தல் நல்லது; படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் நுழைந்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம். கனத்த உடம்பை ஒருவராகத் தூக்க முயன்றால், தூக்குபவரின் இடுப்பு முறியும். அடியில் விரித்த துணியை இருவர் இருபுறமும் பிடித்து நகர்த்துவதே சரியான முறை.

இவற்றையெல்லாம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். கற்ற பின் நாள்தோறும் செய்யவும் வேண்டும். இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஒன்றியத்தில் 40 ஊராட்சிகள் இருப்பதாகவும், ஊராட்சிக்கு 5 பேர் படுக்கையில் இருப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 பேர். ஒரு செவிலியர் நாளொன்றுக்கு 8 வீடு வீதம் மாதத்தில் 25 நாள் ஓயாது சுற்றினாலும் 200 வீடுகளைத்தான் பார்க்க இயலும். அதாவது வீட்டிற்கு மாதம் ஒரு வருகை. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால், ஒரு நாளில் 12 முறை, ஒரு மாதத்தில் 360 முறை பக்கம் மாற்ற வேண்டிய உடம்பு அது. எஞ்சியதையெல்லாம் வீட்டிலுள்ள யாரோ ஒருவர்தான் செய்தாக வேண்டும். செவிலியரின் சேவை குறைந்தது என்பது இதன் பொருளன்று. அவருடைய வேலை வேறு, நாள்தோறும் உடனிருப்பவரின் வேலை வேறு என்பதே இதன் பொருள்.

ஆள் கிடைக்காமைக்குக் காரணங்கள்

முதலாவது, ஊதியம். உதவித்தொகை 1,200 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய். அத்தொகை முழுவதையும் கொடுத்தாலும் அரை நாளைக்குக்கூட ஒருவரும் வரமாட்டார். அந்தப் பணம் முதியவரின் சோற்றுக்கும் சோப்புக்கும் ஆனது; ஆள் அமர்த்துவதற்காக அது ஏற்படவில்லை.

இரண்டாவது, இப்படி ஒரு பணியிடமே நம் திட்டங்களில் வகுக்கப்படவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் உண்டு. சத்துணவு அமைப்பாளர் உண்டு. தூய்மைக் காவலர் உண்டு. வீட்டில் கிடப்பவரைப் பராமரிக்கும் 'வீட்டுப் பராமரிப்பாளர்' என்று ஒருவர் ஊராட்சியில் இல்லை. பதவி இல்லாத இடத்தில் விண்ணப்பமும் இல்லை. விண்ணப்பம் இல்லாததால் தேவையே இல்லை என்பதுபோல் தோன்றிவிடுகிறது.

மூன்றாவது, பயிற்சி பெற்றோர் ஊரில் தங்குவதில்லை. 2014-இல் தொடங்கப்பெற்ற தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் போன்றவற்றில் நோயாளி உதவியாளர் பயிற்சியும் அளிக்கப்பெற்றது. பயின்ற பெண்கள் சென்னைக்கும் கோவைக்கும் வேலைக்குச் செல்வது இயல்பே. அங்கே சம்பளம் உண்டு. கிராமத்துப் பெண்ணின் கை நகரத்து முதியவருக்குக் கிடைக்கிறது. அவளுடைய சொந்த ஊர் முதியவருக்குக் கிடைப்பதில்லை.

நான்காவதைச் சொல்லத் தயங்குகிறோம். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும். மலமூத்திரம் எடுக்கும் வேலை இழிவானது என்னும் எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. எந்தத் தெருவைச் சேர்ந்தவர் எந்த வீட்டிற்குள் போகலாம், யார் கையால் யார் தண்ணீர் குடிக்கலாம் என்னும் சாதிப் பார்வை, உதவிக்கு வர விரும்புவோரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஐந்தாவது, குடும்பம் சிறுத்துவிட்டது. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகளோ ஒருவர் அல்லது இருவர். அவர்களும் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றுவிட்டார்கள்.

பார்த்துக்கொள்பவரைப் பார்ப்பவர் யார்?

ஆகவே, சுமை முழுவதும் மகள்மேல், அல்லது மருமகள்மேல், அல்லது தாமே எழுபதைத் தாண்டிய மனைவிமேல் விழுகிறது. 2019-இல் இந்தியா முழுவதும் எடுக்கப்பெற்ற நேரப் பயன்பாட்டுக் கணக்கு ஒன்று உண்டு. வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டார்கள் என்று அது தெரிவித்தது. குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும். சமையல் முதலிய வீட்டு வேலைகள் இக்கணக்கில் சேரா. படுக்கையில் ஒருவர் விழுந்துவிட்ட வீட்டில் இந்நேரம் பன்மடங்காகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்குக் கூலி இல்லை, விடுமுறையும் இல்லை. கூலி வேலையை விட்டு வீட்டிலிருக்கும் பெண், தம் வருமானத்தை இழப்பதோடு, உறக்கத்தையும் உடல்நலத்தையும் இழக்கிறார். பராமரிப்பவர் நோயுற்றால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவர் ஆகிவிடுவர்.

பிற இடங்களில்

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஏழைகளுக்கான 'மெடிகெய்டு' என்னும் பொது மருத்துவ உதவித் திட்டத்தின்கீழ், நிலையங்களுக்குச் செல்லாமல் வீட்டிலேயே பராமரிப்புப் பெற 1981-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆயினும் பல மாநிலங்களில் இச்சேவைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கிறது. இத்தனை மணி நேர உதவி என்று அனுமதி கிடைத்த பின்பும், ஊதியம் குறைவாயிருப்பதால் வேலைக்கு ஆள் வருவதில்லை. ஜப்பான் நாடு 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாற்பது வயதிற்கு மேற்பட்டோரிடம் சந்தா பெற்று முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை ஏற்படுத்தியது. அங்கும் ஆள் பற்றாக்குறையால் 2017-இல் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இவ்வேலையைத் திறந்துவிட நேர்ந்தது. செல்வம் மிக்க நாடுகளிலும், பணத்தை ஒதுக்கிய மாத்திரத்தில் கைகள் முளைத்துவிடவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளம் வேறொரு வழியைக் காட்டியது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சிகிச்சைக்கான ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினர். அதிலிருந்து கிளைத்த இயக்கம், அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகப் பயிற்றியது. 2008-இல் கேரள அரசாங்கம் இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. உள்ளாட்சி மன்றங்கள் செவிலியரை அமர்த்தி வீடு வீடாக அனுப்பலாயின. படுக்கையில் இருப்போரைப் பராமரிக்கும் உறவினருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்னும் திட்டத்தின்கீழ் மாதம் 600 ரூபாய் உதவியும் அறிவிக்கப்பெற்றது. தொகை சிறிது, ஆனால், பராமரிப்பவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டியவர் என்பதை அது ஒப்புக்கொண்டது.

ஊராட்சி செய்யக்கூடியவை

வீட்டுப் பராமரிப்பாளருக்குப் பணியிடமும், தகுந்த ஊதியமும், பயிற்சியும் வகுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. அதற்கு ஈடாக அண்டைவீட்டாரின் அன்பை மட்டும் நம்பியிருக்க இயலாது. எனினும், அது வரும்வரையில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் செய்ய முடிந்தவை நான்கு.

ஒன்று, கணக்கெடுத்தல். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, உள்ளாட்சிகள் நாள் எனக் கிராம சபைக்குரிய நாள்கள் உண்டு. ஊரில் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு மாற்று ஆள் உண்டா என்னும் மூன்று விவரங்களைச் சபையில் படித்துப் பதிவு செய்யலாம். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் அதைச் சேர்க்கலாம். ஏட்டில் ஏறிய பின்புதான் எத்தேவைக்கும் நிதி பிறக்கும்.

இரண்டு, கற்பித்தல். நோய் ஆதரவுச் செவிலியரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் அழைத்து, பராமரிக்கும் உறவினர்களுக்கு ஊராட்சி மன்றக் கட்டடத்தில் ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். பக்கம் மாற்றுவது, குளிப்பாட்டுவது, உணவூட்டுவது ஆகியவற்றைக் கண்ணால் கண்டு கையால் செய்து பழகினால் பல புண்கள் வராமலே தடுக்கப்படும். இப்பயிற்சிக்கு ஆண்களும் வருதல் அவசியம்.

மூன்று, பொருள்கள். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர், கழிப்பறை நாற்காலி ஆகியவை ஒரு வீட்டில் பயன் முடிந்ததும் பரணில் ஏறிவிடுகின்றன. அவற்றை நன்கொடையாகப் பெற்று ஓரிடத்தில் வைத்து, வேண்டுவோருக்கு இரவலாகக் கொடுத்து வாங்கும்படி ஊராட்சி செயலர் ஒரு பதிவேடு வைத்தால் போதும்.

நான்கு, முறைவைத்து உதவுதல். மகளிர் குழு உறுப்பினர்கள் நாளுக்கு இருவராக, இரண்டு மூன்று மணி நேரம் அந்த வீட்டில் இருந்தால், பராமரிப்பவர் வேலைக்கோ, கடைக்கோ, சற்று உறங்கவோ போகலாம். குழுக்களின் கூட்டமைப்பு தீர்மானம் போட்டு இதற்கொரு சிறு படியும் வகுத்தால் அது நிலைக்கும். வீட்டார் தனித்து நின்று தவிக்கும் இடங்களில் 14567 என்னும் முதியோர் உதவி எண்ணையும் ஊரார் அறிந்திருத்தல் நலம்.

அந்த வீட்டில் நடந்தது

நான் 'பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்த வீட்டின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அரசாங்கத்தின் எந்த இனத்திலும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு அவ்வூர் மகளிர் குழுவின் கூட்டத்திற்குச் சென்று, என்னால் இயலவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அறுவர் முன்வந்தனர். செவிலியர் ஒரு பிற்பகல் வந்து அவர்களுக்குச் செய்முறை காட்டினார். தூக்கி மாற்றுவதற்குப் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் துணைநின்றார். அறுவரில் ஒருவர் வேறு தெருவைச் சேர்ந்தவர். அவர் உள்ளே வருவதை முதல் நாள் உறவினர் சிலர் விரும்பவில்லை. நான்காம் நாள், "அந்தப் பெண் எப்போது வரும்?" என்று மூதாட்டியே கேட்கலானார். அதற்குமேல் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

மகள் நடவுக்குப் போனார். பத்து நாள் என்று தொடங்கியது அறுவடை வரையில் நீடித்தது. மூன்று மாதத்தில் புண் ஆறிற்று. புது வீட்டிற்குத் தளம் போடுவதற்கு முன்பே, அடுத்த மாசி மாதத்தில் மூதாட்டி காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது மகள் ஒன்றே ஒன்று சொன்னார்: "கடைசியில் என் அம்மா உடம்பில் ஒரு புண்கூட இல்லை, ஐயா."

அவ்வேற்பாடு அறுவரின் நல்ல மனத்தால் நடந்ததேயன்றி, ஒரு திட்டத்தால் நடந்ததன்று. அத்தகைய அறுவர் வாய்க்காத ஊர்களில் என்ன செய்வது என்பதற்கு இன்னும் நாம் விடை காணவேண்டியிருக்கிறது. அடுத்த கிராம சபையில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்று இவ்விதழைப் படிக்கும் ஊராட்சி அன்பர்களையும் மகளிர் குழுச் சகோதரிகளையும் வேண்டிக்கொள்கிறேன். சாலையும் விளக்கும் நம் ஊரை அலங்கரிக்கட்டும்; அவற்றோடு, புரண்டு படுக்க முடியாதவரைப் புரட்டிவிட ஒரு கையும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கட்டும்.